முதுமலை முதல் கோடியக்கரை வரை: காட்டுயிர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பகல் 11 மணி வெயிலில் முதுமலையின் தெப்பக்காட்டுக்கு வந்து, சாலையோரம் நாலு புள்ளிமானையும் ஒரு மயிலையும் பார்த்துவிட்டு, "காட்டுல ஒண்ணுமே இல்லப்பா" என்று ஊட்டிக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் ஏராளம். காட்டில் எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் யானை மூங்கில் நிழலில் நிற்கும், காட்டுமாடு புதருக்குள் படுத்து அசைபோடும், கரடி பொந்தைவிட்டு வராது. போன நேரம்தான் தப்பு. நேரமும் மாதமும் சரியாக அமைந்துவிட்டால் மீதிப் பாதி வேலை பொறுமையாக உட்காருவது மட்டுமே.

தமிழ்நாட்டிலும் அதை ஒட்டியும் உள்ள சில காடுகளையும் நீர்நிலைகளையும் எடுத்துக்கொண்டு, எப்போது போவது, எப்படி அனுமதி வாங்குவது, போன இடத்தில் எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறோம். புலி பார்ப்பதற்கென்றே கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதுமலையில் புலி நிறைய உண்டு, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். அதை நம்பிப் போனால் யானையும் செந்நாயும் கண்முன் வந்தாலும் மனசு நிறையாது.

மாதம் முதலில், ஊர் பிறகு

முதலில் லீவைப் பார்த்து, பிறகு ஊரைத் தேடுவதுதான் வழக்கம். எந்த உயிரைப் பார்க்க ஆசை, அது எந்த மாதத்தில் எங்கே வெளியே வரும் என்று பார்த்து லீவு போடுவதே நல்லது. முடியாவிட்டால், கிடைத்த லீவுக்குப் பொருந்தும் காட்டுக்குப் போங்கள்.

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நீர்ப்பறவைக் காலம். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் டிசம்பரில் போனாலும் ஏமாற்றம்தான். ஆகவே அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோடியக்கரைக்கும் இதே காலம். பூநாரைக்கென்று போனால் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி.

முதுமலையில் கணக்கு வேறு. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பார்வை தூரம் போகும், விலங்குகள் மாயாற்றையும் குட்டைகளையும் தேடி வரும். பார்க்க வசதியான காலம், ஆனால் காட்டுத்தீ அபாயமும் அப்போதுதான். தீ அபாயம் கூடினால், வண்டியில் காட்டைச் சுற்றிக் காட்டும் சவாரியை வனத்துறை நிறுத்திவிடும், யானைகளில் ஒரு பகுதியும் ஈரமான வயநாட்டுப் பக்கம் நகர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் கோடை மழை இரண்டு பெய்து கரிந்த தரையில் புதுப்புல் துளிர்த்தால், யானைக் கூட்டமும் காட்டுமாடும் சாலையோரத்திலேயே மேயும். முதுமலைக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவர்களுக்கு இந்த வாரங்களைத்தான் சொல்வோம். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு காடு பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். ஆனால் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

வரையாட்டுக்கு மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவை நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சைத் தவிருங்கள். குட்டி ஈனும் காலம் என்பதால் அப்போது பூங்காவை மூடிவிடுவார்கள். 2018இல் குறிஞ்சி பூத்த மலை அதுதான். அடுத்த பூப்பு 2030.

அனுமதி, பதிவு, சாலை விதிகள்

கடைசி நேரத்தில் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ளது. கொடைக்கானலுக்கும் உண்டு, வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. காசு கிடையாது. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் கொடுத்தால் இணையத்தில் சில நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பு வைக்கிறார்கள்: 2025இல் நீலகிரிக்கு வார நாட்களில் 6000, சனி ஞாயிறுகளில் 8000. மைசூரு பக்கமிருந்து கக்கநல்லா சோதனைச் சாவடி வழியாக வந்தாலும் நீலகிரிதான், பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகும் நெடுஞ்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். கோயம்புத்தூரிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பி "எப்படியும் போயிடலாம்" என்று கணக்குப் போட்டால், மலைப்பாதையில் ஒரு பழுதான லாரி போதும், சாவடியில் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழிதான் குறுக்கு. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். பிரேக் சூடேறி விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகளை இந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து ஏறி வரலாம். ஆகவே போகும்போது கூடலூர் வழி என்று வைத்து, கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மேப் செயலி கல்லட்டியைத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள்.

சவாரிக்கு முதுமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு உண்டு. காலையிலும் மாலையிலும் மட்டுமே வண்டி போகும். வனத்துறை வண்டியில்தான் உள்காட்டுக்குப் போக முடியும், சொந்தக் கார் கிடையாது. கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பவை, பதிவு செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சவாரி நடக்கிறதா என்று ஒரு போன் போட்டு உறுதி செய்யுங்கள். தீ அபாயம், கனமழை, புலிக் கணக்கெடுப்பு என்று திடீரென மூடுவது சாதாரணம்.

தங்குமிடம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானை வழித்தடம். அங்கே முளைத்த விடுதிகள் பல நீதிமன்ற உத்தரவால் 2018இல் சீல் வைக்கப்பட்டன. வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள், அது செத்தும் போனது. தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் உள்ள வனத்துறை விடுதிகளை முதலில் முயன்று பாருங்கள். தனியார் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம் சார்" என்று யாராவது ஜீப்போடு வந்தால், அது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நடந்து காடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்யலாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் திறந்தது. அனுமதி இல்லாமல் சரணாலயக் காட்டுக்குள் இறங்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பையில் என்ன வேண்டும்

உடை பழுப்பு, மந்தப் பச்சை, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டைதான் காட்டில் எல்லாவற்றையும்விட பளிச்சென்று தெரியும். சென்ட் வேண்டாம். காலையில் முதுமலையிலும், பொள்ளாச்சிப் பக்கத்து டாப்சிலிப்பிலும் குளிரும், திறந்த வண்டி என்றால் காதில் காற்று அடிக்கும். ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள், கேமராவைவிட அது முக்கியம். 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கல் ஒளியிலும் தெளிவாகத் தெரியும். 10×42 ஏரிக்கு நல்லது, ஆனால் ஓடும் வண்டியில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். கடைத்தெருவில் விற்கும் '30×60' வகை பொம்மைகளில் எண்தான் பெரிது.

வாங்கியதும் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, தூரத்து எழுத்துப் பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணோரம் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் இடத்தை நினைவில் வைத்தால் போதும். அதன்பின் நடுச்சக்கரம் மட்டுமே வேலை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணோர ரப்பரை உள்ளே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வட்டம் கறுப்பாக இருக்கும்.

பறவையைப் பிடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும்: கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பைனாகுலரை வைத்துவிட்டு உள்ளே பறவையைத் தேடினால் கிடைக்காது. வீட்டு மாடியில் காக்கையை வைத்து ஒரு மணி நேரம் பழகினாலே கை வந்துவிடும்.

முதுமலை: ஒரு மாலையும் ஒரு காலையும்

முந்தின நாள் பகல் 2 மணிக்குள் தெப்பக்காடு வந்துவிடுங்கள். மாலைச் சவாரி ஒன்று, இரவுத் தங்கல், விடிந்ததும் காலைச் சவாரி ஒன்று. இதற்குக் குறைந்தால் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். அன்றைய முதல் வண்டியில் இடம் பிடிப்பதுதான் உத்தமம். அதற்கு முன் அந்தத் தடத்தில் வேறு வண்டி போயிருக்காது, விலங்குகளும் தடத்தைவிட்டு விலகியிருக்காது.

சவாரி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் நிறையப் பார்க்க, கண்ணைப் பழக்க வேண்டும். புதரைப் பார்க்காதீர்கள், புதருக்கு ஊடே பார்வையை விடுங்கள். காட்டில் மரங்கள் எல்லாம் நெட்டுக் கோடுகள்; குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். அசையும் காது, ஈ விரட்டும் வால் தெரிகிறதா என்று தேடுங்கள். வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் நாலு கால்கள் தெரிந்தால் அது காட்டுமாடு. உண்ணிச்செடி அடர்ந்து மண்டிய இடங்களில் பத்தடி தள்ளி நிற்கும் யானையைக்கூடப் பார்க்க முடியாது. அங்கே கண்ணைவிடக் காது உதவும். கிளை முறியும் சத்தம் கேட்டால் டிரைவரிடம் மெதுவாகச் சொல்லி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். பார்த்ததைக் கை நீட்டிக் காட்டிக் கத்தாதீர்கள். வண்டி முகத்தை 12 மணி என்று வைத்து "2 மணி பக்கம், பெரிய மரத்துக்குக் கீழே" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எச்சரிக்கைக் குரல்களைத் தெரிந்துகொண்டால் காடு வேறு மாதிரி ஆகிவிடும். புள்ளிமான் ஆபத்தைக் கண்டால் கூர்மையாக ஒற்றைக் குரல் கொடுக்கும், முன்னங்காலால் தரையை உதைக்கும், வாலைத் தூக்கி வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டும். ஆனால் புள்ளிமான் பயந்தாங்கொள்ளி, செந்நாய்க்கும் கத்தும், சில சமயம் ஒன்றுமில்லாததற்கும் கத்தும். மரத்தின் மேலிருந்து மந்தி அடித்தொண்டையில் இருமுவதுபோல் விட்டு விட்டுக் குரைத்தால், அது எதையோ கண்ணால் பார்த்துவிட்டது. மந்தி எந்தப் பக்கம் முகம் திருப்பி இருக்கிறதோ அங்கே பாருங்கள். மிளா என்றும் சொல்லப்படும் கடமான் கனத்த குரலில் அழைத்தால் மட்டும் டிரைவர்கள் உடனே வண்டியை நிறுத்துவார்கள். மிளா லேசில் கத்தாது, கத்தினால் புலியோ சிறுத்தையோ பக்கத்தில் உண்டு. அப்போது இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் உட்கார மனசில்லாமல் "போலாம் போலாம்" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் அவசரப்படுத்துவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான்.

வழியில் தரையையும் பாருங்கள். யானை லத்தி ஈரமாகப் பளபளப்போடு, வண்டு இன்னும் மொய்க்காமல் இருந்தால் கூட்டம் கடந்து அதிக நேரம் ஆகவில்லை. தேக்கு மரப் பட்டையில் ஆள் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தால் சேற்றில் புரண்ட யானை உடம்பைத் தேய்த்த இடம்.

மாலையில் தெப்பக்காட்டு யானை முகாமில் தீவனம் கொடுப்பதைப் பாருங்கள். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தேங்காய் என்று ஒவ்வொரு யானைக்கும் தனித்தனி அளவு. கால்நடை மருத்துவர் வகுத்தது. பாகன் களி உருண்டையை நேராக வாய்க்குள் வைப்பார், துதிக்கையில் கொடுக்க மாட்டார். முகாம் நூறாண்டுக்கு மேல் பழமையானது. பாகன்களில் பலர் குறும்பர் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். முகாம் யானையும் யானைதான்.

சாலையில் யானை வந்தால்

சொந்த வண்டியில் தெப்பக்காடு–மசினகுடி சாலையில் போகும்போது இது நடக்கும். ஐம்பது மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள், இன்னும் தள்ளி நின்றால் மேல். ஹார்ன் வேண்டாம், ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், இன்ஜின் ஓடட்டும், உறுமவிடாதீர்கள். பின்னால் வரும் வண்டிக்கு ஹசார்ட் விளக்கு போடுங்கள். யானை கடக்கும் இரு பக்கமும் வண்டிகள் மறித்து நின்றால்தான் ஆபத்து. அதற்குப் போக வழி வேண்டும்.

அதன் உடம்பைப் படியுங்கள். காது சீராக ஆடிக்கொண்டு, துதிக்கை புல்லில் இருந்தால் அமைதி. மேய்வதை நிறுத்தி, காதை விரித்து ஆடாமல் வைத்து, உங்களை நேராகப் பார்த்தால் எச்சரிக்கை. அப்போதே மெதுவாகப் பின்னால் எடுங்கள். தலையை ஆட்டி, துதிக்கையால் மண்ணை வாரி வீசினால் 'போ' என்று சொல்கிறது. பெரும்பாலும் முதல் பாய்ச்சல் மிரட்டல்தான், நடுவில் நின்றுவிடும். ஆனால் துதிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் மிரட்டல் இல்லை. குட்டியோடு உள்ள கூட்டத்தையும், கன்னத்தில் மதநீர் வழியும் ஒற்றை ஆண் யானையையும் கண்டால் படமெடுக்க நிற்காதீர்கள்.

எதற்கும் தீனி போட வேண்டாம். சத்தியமங்கலத்தில் ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் வழிமறிப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர்கள் கரும்பை வீசி வீசிப் பழக்கியதன் விளைவு அது. காரில் பலாப்பழம், வாழைத்தார் இருந்தால் டிக்கியில் மூடி வையுங்கள்.

டாப்சிலிப், வால்பாறை

இரண்டும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்தான், ஆனால் போகும் வழியும் பார்ப்பதும் வேறு. டாப்சிலிப்புக்குப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழி. இருசக்கர வண்டிகளை உள்ளே விடுவதில்லை. பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்து உண்டு. வனத்துறை வண்டியில் சவாரி, கோழிகமுத்தி யானை முகாம், அதிகாலையில் விடுதியைச் சுற்றியுள்ள புல்வெளியில் புள்ளிமானும் காட்டுப்பன்றியும். இதே சாலையில் மேலே போனால் கேரளத்தின் பரம்பிக்குளம். அதற்குத் தனி அனுமதி.

வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் காலை வேளையில் நிறுத்திப் பாறைகளைப் பாருங்கள், வரையாடு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை டிக்கெட் இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. கையில் பிஸ்கெட் பாக்கெட்டைப் பார்த்துப் பக்கத்தில் வந்தால், யாரோ ஏற்கெனவே கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சிங்கவால் குரங்கைப் பார்க்க வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய சின்ன மழைக்காட்டுத் துண்டில் அந்தக் கூட்டம் வாழ்கிறது. சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் குறுக்கே பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதன் மேல் நடந்து போவதை அண்ணாந்து பார்க்கலாம். அந்தச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். இருவாச்சியை அதே பக்கத்துக் காடுகளில் காலையில் தேடலாம். பறக்கும்போது இறக்கைச் சத்தமே முதலில் கேட்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெட்டை மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்கும், சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். கூட்டு மரத்தடியில் ஆள் நின்றால் சேவல் வராது, உள்ளே பெட்டையும் குஞ்சும் பட்டினி. கூடு எங்கே என்று யாராவது காட்டினாலும் நூறு மீட்டர் தள்ளி, மறைந்து நில்லுங்கள்.

வால்பாறையில் மாலை இருட்டியபின் தோட்டச் சாலைகளில் நடக்க வேண்டாம். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். ஊர்க்காரர்களுக்காக வைத்த ஏற்பாடு, நீங்களும் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

மழை பெய்தால் இரண்டு இடத்திலும் அட்டை. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் மூக்குப்பொடியோ புகையிலைத் தூளோ தேய்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. கோடையில் முதுமலையில் அட்டைக்குப் பதில் உண்ணி. அறைக்கு வந்ததும் இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் பாருங்கள்.

வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் பிரிய வேண்டும். நல்ல நேரம் விடியற்காலையும், பிற்பகல் 4 மணிக்கு மேலும். பகலில் பாதிப் பறவைகள் சுற்றுவட்ட வயல்களிலும் ஏரிகளிலும் இரை தேடப் போயிருக்கும். மாலையில் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் அணி அணியாகத் திரும்பி வந்து, நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இடத்துக்குச் சண்டை போடும். ஏரிக்கரையில் நடந்தே பார்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை கூட்டில் குஞ்சுகள் இருக்கும். சனி, ஞாயிறைவிட வார நாள் நல்லது.

அடையாளம் கண்டுகொள்ள நாலு பறவையில் தொடங்குங்கள். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது. மஞ்சள் அலகும் வால் பக்கம் இளஞ்சிவப்பு இறகுமாக இருப்பது மஞ்சள்மூக்கு நாரை. அலகு கரண்டி போலத் தட்டையாக முடிந்தால் கரண்டிவாயன். கழுத்து மட்டும் நீருக்கு மேலே தெரிந்து, பாம்போ என்று சந்தேகம் வந்தால் பாம்புத்தாரா. இவை பிடிபட்டபின் நீர்க்காகம், இராக்கொக்கு, கூழைக்கடா எல்லாம் தானே வந்துவிடும். பறந்து வரும்போது நாரைகள் கழுத்தை நீட்டிப் பறக்கும், கொக்கும், பெயரில் நாரை இருந்தாலும் கொக்கு இனமான சாம்பல் நாரையும் கழுத்தை மடக்கிக்கொள்ளும். தூரத்தில் இந்த ஒரு குறிப்பே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். நீர்மட்டத்தில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தில் ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி உண்டா என்று பாருங்கள், அவை வடக்கேயிருந்து வரும் வலசைப் பறவைகள்.

இந்த ஏரியைக் காப்பாற்றியது ஊர்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதை உணர்ந்த கிராமத்தார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் வேட்டைக்குத் தடை கேட்டு வாங்கினார்கள். வேடந்தாங்கலில் நேரம் மிச்சமிருந்தால் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கரிக்கிலி. கூட்டம் இருக்காது, உள்ளான்களும் வாத்துகளும் அமைதியாகப் பார்க்கக் கிடைக்கும்.

கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இங்கே இரண்டு நிலம் இருக்கிறது, இரண்டையும் ஒரே வேளையில் பார்க்க முயலாதீர்கள். விடியலில் புல்வெளி: வெளிமான். கிடா மேலே கருப்பு, வயிறு வெள்ளை, திருகிய கொம்பு. பெட்டை வெளிர் பழுப்பு, கொம்பு கிடையாது. திறந்த வெளியில் வாழ்கிற மிருகம், உங்களை ரொம்ப தூரத்திலேயே பார்த்துவிடும். நேராக அதை நோக்கி நடந்தால் ஓடும். வண்டியைவிட்டு இறங்காமல் பாருங்கள், இறங்க அனுமதித்தாலும் சாய்வாக, நின்று நின்று போங்கள். காட்டுக்குள் மட்டக்குதிரைக் கூட்டமும் தென்படும்.

மாலையில் உப்பளத்தை ஒட்டிய சதுப்பு: பூநாரையும், ஆயிரக்கணக்கில் உள்ளான்களும். பூநாரை தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், பறக்கும்போதுதான் சிறகின் சிவப்பு மின்னும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். சேற்றில் காரை இறக்காதீர்கள். மேலே காய்ந்த தோடு மாதிரி இருக்கும், கீழே களி, டிராக்டர் வந்தால்தான் வெளியே வரும். எங்கே பூநாரை இறங்கியிருக்கிறது என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். வேதாரண்யத்தில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதே நேர மிச்சம்.

படம் எடுக்கிறவர்களுக்கு

300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. விடியலில் ஒளி போதாமல் ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றுங்கள்; புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வண்டி இன்ஜின் ஓடும்போது லென்ஸைக் கம்பியில் சாய்த்தால் அதிர்வு முழுக்கப் படத்தில் இறங்கும். துணிப்பையில் ஒரு கிலோ அரிசி கட்டி அதன் மேல் வைத்தால் சரியாகிவிடும். ஃபிளாஷ் வேண்டாம். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம், பறிமுதல்தான்.

சவாரி ரத்தானால்

ரத்தானால் அன்றைய நாள் போயிற்று என்று இல்லை. முதுமலையில் சவாரி இல்லாவிட்டாலும் பொதுச் சாலை திறந்திருக்கும். காலை 6 மணிக்குத் தெப்பக்காடு–மசினகுடி சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, இறங்காமல் ஒரு முறை போய் வாருங்கள். மாயாற்றுப் பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது, கடந்துபோகையில் இருபுறமும் பார்க்கலாம். யானை முகாம் திறந்திருந்தால் அங்கே ஒரு மணி நேரம். டாப்சிலிப் மூடினால் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு, அங்கிருந்து ஒன்பதாவது வளைவு. ஏற்கெனவே வால்பாறைக்கு இ-பாஸ் எடுத்து வைத்திருந்தால் சாவடியில் நிற்க வேண்டியதில்லை.